பாதியில் நின்ற புல்லட்டை மறுபடி தொட: பயனுள்ள குறிப்புகள்

அப்பா ஓட்டிய புல்லட், மாமா விட்டுப்போன யெஸ்டி, கல்லூரி நாளில் ஏங்கி நாற்பது வயதில் தேடி வாங்கிய ஆர்எக்ஸ் 100. இப்படி ஒரு வண்டி பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. என்ஜின் கீழே இறங்கியிருக்கும், டேங்க் பரண்மேல் கிடக்கும், பின்சக்கரம் எங்கே என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் சொல்லத் தெரியாது. பிரித்த புதிதில் ராத்திரி பதினொரு மணிவரை அதோடு உட்கார்ந்திருந்தவர், இப்போது அந்தப் பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆர்வம் முழுக்க வற்றிப்போவது அபூர்வம். ஒரு போல்ட்டிலோ, ஒரு பில்லிலோ, ஆர்டிஓ ஆபீஸ் காகிதம் ஒன்றிலோ முட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டை மனதில் வைத்தே இவற்றை எழுதுகிறேன். பெரும்பகுதி மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும்.

1. ஒரு நோட்டை எடுத்து இரண்டே வரி எழுதுங்கள். கடைசியாக வண்டியில் எந்த வேலையைச் செய்தேன்? அடுத்து எதைச் செய்ய முடியவில்லை? ‘கிளட்ச் நட்டு கழலவில்லை’, ‘லேத்காரர் போன் எடுப்பதில்லை’, ‘பெயிண்டர் கேட்ட பணம் கையில் இல்லை’ என்று ஏதாவது ஒன்று வந்து விழும். ‘நேரமில்லை’ என்று எழுத வந்தால் அதோடு விடாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரம் இருந்ததே, அப்போது ஏன் போகவில்லை என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும்.

2. அந்தக் காரணம் கழலாத போல்ட் என்றால், முதலில் ஸ்பேனரைச் சந்தேகப்படுங்கள். பழைய புல்லட்டில் இங்கிலாந்துக் காலத்து மரைகளும் மெட்ரிக் மரைகளும் கலந்தே இருக்கும். விட்வொர்த் அளவு நட்டில் ஏறத்தாழப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை உருண்டுவிடும். அதற்குப் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஓப்பன் ஸ்பேனரை ஒதுக்கிவிட்டு, சரியான அளவில் ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் வாங்குங்கள். முழு செட் வேண்டாம், தேவைப்படும் அளவில் இரண்டு மூன்று போதும்.

அளவு சரியாக இருந்தும் அசையவில்லையென்றால் அவசரப்படாதீர்கள். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் போல்ட்டின் தலையில் நேராக, சுத்தியலால் நாலைந்து தட்டு. பிறகு கழற்றும் திசைக்குப் போகாமல், முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை நகர்த்திப் பாருங்கள். துரு விட்டுக்கொடுப்பதைக் கை உணரும். அலுமினியக் கேசிங்கில் இரும்பு போல்ட் மாட்டியிருந்தால் சூடு கைகொடுக்கும், ஏனென்றால் ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பல சமயம் கேசிங்கின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலே போதும். தீயையோ ஹீட் கன்னையோ எடுப்பதானால் டேங்கும் கார்பரேட்டரும் வண்டியில் இருக்கக் கூடாது. பெட்ரோல் பட்ட துணியும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

போல்ட் ஒடிந்தே போனாலும் வண்டி முடிந்துபோகவில்லை. ஒடிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வெல்டிங்கில் ஒட்டித் திருகி எடுப்பது லேத் பட்டறைகளில் தினசரி நடக்கிற வேலை. மரை போன ஓட்டையை ஹெலிகாயில் என்ற சுருள்கம்பி மரையைப் போட்டு மீட்டுவிடலாம்.

3. ஆர்எக்ஸ் 100 போன்ற ஜப்பானிய வண்டிகளின் கேசிங் ஸ்க்ரூ, பார்க்கச் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ போலத்தான் இருக்கும். ஆனால் அது ஜப்பான் தர அளவு. வீட்டு ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை வைத்த ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்குங்கள். இறுகிப்போனவற்றுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும்.

4. என்ஜின் இறுகிக் கிடக்கிறது, கிக்கர் இறங்கவில்லை என்றால் அதன்மேல் ஏறிக் குதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ ஊற்றிச் சில நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ரிங் மட்டும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

5. ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் போல ஆளைச் சோர்வாக்குவது வேறில்லை. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக், 1968-இல் மகனோடு ஹோண்டா சூப்பர் ஹாக்கில் போன பயணத்தை வைத்து 1974-இல் ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ எழுதினார். வண்டி பழுது பார்ப்பவனின் ஊக்கத்தை உறிஞ்சும் பொறிகள் எவையெவை என்று அதில் நீளமாகவே ஆராய்ந்திருக்கிறார். எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு பாகம் வெளியே கிடப்பது, வந்து வந்து மறையும் கோளாறு, தப்பான பாகம் வந்து சேர்வது எல்லாம் அதில் உண்டு. மிக மோசமானது என்று அவர் கருதுவது, முன்பே முடிவுசெய்துவிட்ட மனம். அதற்கு அவர் எடுத்துக்காட்டுவது தென்னிந்தியக் குரங்குப் பொறி. குடைந்த தேங்காய்க்குள் அரிசி இருக்கும். கையை விட்ட குரங்கு அரிசியை இறுகப் பிடித்த பிறகு மூடிய கையை வெளியே எடுக்க முடியாது, அரிசியை விடவும் மனம் வராது.

‘கார்பரேட்டர்தான் கோளாறு’ என்று நீங்கள் பிடித்துவைத்திருப்பதும் அப்படி ஒரு பிடியாக இருக்கலாம். கார்பரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிக் கழுவியும் மாற்றமில்லை என்றால் அதை விட்டுவிட்டு மின்சாரப் பக்கம் வாருங்கள். பாயிண்ட் வைத்த புல்லட்டில் நல்ல சூட்டில் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பும் வண்டிக்குப் பெரும்பாலும் கண்டென்சரோ காயிலோதான் காரணம். கண்டென்சர் மலிவான பொருள். முதலில் அதை மாற்றிப் பார்த்துவிடலாம்.

6. ஹெட்லைட் மண்டையில் இருக்கும் ஆம்பியர் மீட்டரை வெறும் அலங்காரமாக நினைக்காதீர்கள். சாவியைப் போட்டு, விளக்குகளை அணைத்து, டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அமுக்குங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையென்றால் பாயிண்டுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது அதன் முகம் அழுக்கேறியிருக்கிறது. மைனஸிலேயே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி சுமார் அரை மி.மீ. ஒரு ஃபீலர் கேஜ் வீட்டில் இருக்கட்டும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே வண்டி உங்களுக்குப் பதில் சொல்லும் சோதனை இது. நம்பிக்கை திரும்புவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

7. நெடுநாள் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை வைத்து முயலவே முயலாதீர்கள். அது ஆவியாகிப் பிசினை ஜெட்டுகளில் விட்டுவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகி, ஐடிலில் நிற்காமல் அணைந்தால் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது என்று பொருள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை போதும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை உப்பவைக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

8. பெயிண்ட் கடைசி. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டேங்கும் மட்கார்டும் பளபளவென்று வந்து நின்றால் உற்சாகம் வரும் என்று நினைத்துப் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பிறகு என்ஜின் மாட்டும்போது ஸ்பேனர் பட்டுக் கீறல் விழும், பெட்ரோல் ஒழுகிப் பெயிண்ட் உரியும்; கொடுத்த பணத்தை நினைத்து வண்டியைத் தொடவே கை கூசும். பெயிண்ட் அடிக்காமலே, துருவோடும் பழைய நிறத்தோடும், வண்டியை ஒருமுறை முழுதாக மாட்டிப் பாருங்கள். எந்த பிராக்கெட் பொருந்தவில்லை, எந்த ஓட்டை தள்ளியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். வெல்டிங் வேலை எல்லாம் முடிந்த பிறகு பிரித்துப் பெயிண்டருக்குக் கொடுங்கள்.

9. என்ஜின் முழுதாக இருந்தால் சீக்கிரம் ஒருமுறை சத்தம் கேட்டுவிடுங்கள். வயரிங் முழுக்க முடிய வேண்டியதில்லை. பாட்டரி, சாவி, காயில், பாயிண்ட், இவ்வளவு இணைப்பு போதும். டேங்க் தயாராகவில்லையென்றால் மெக்கானிக்குகள் செய்வதுபோல ஒரு சிறு பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்து உயரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் குழாய் கொடுக்கலாம். சைலன்சரிலிருந்து தள்ளி இருக்கட்டும்; வாசலில், திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள்; பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள். ஆயில் ஊற்றியாகிவிட்டதா என்று இரண்டு முறை பாருங்கள். டீகம்ப்ரஷரைப் பிடித்து பிஸ்டனை உச்சியைச் சற்றே தாண்டக் கொண்டுவந்து, லீவரை விட்டுவிட்டு, முழு வீச்சில் ஒரே உதை. அந்த ‘டப் டப்’ வாசலில் கேட்டுவிட்டால், இதுவரை முணுமுணுத்த வீட்டுக்காரர்களே வெளியே வந்து நின்று பார்ப்பார்கள்.

10. ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, பெரிய வேலையைத் தொட மனமில்லை. அன்றைக்கு ஒரு குரோம் பாகத்தை எடுங்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, துருப்பிடித்த ரிம்மிலோ ஹேண்டில்பாரிலோ தேயுங்கள். மேலோட்டமான துரு கருமையாக வழிந்து வந்துவிடும், குரோமும் கீறாது. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

11. டேங்க் உள்துருவுக்கு எலுமிச்சை உப்பு நல்லது. பெட்ரோல் காக்கைக் கழற்றி ஓட்டையை அடைத்து, லிட்டருக்கு நூறு கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து நிரப்பி ஒரு ராத்திரி வையுங்கள். நாள்கணக்கில் விட்டால் நல்ல தகடும் அரிக்கும். காலையில் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே உலர்த்துங்கள். உடனே என்பது முக்கியம். ஈரமாக விட்டால் அன்று மாலையே செந்துரு படரும். உலர்ந்ததும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு உருட்டிவிடலாம். ஓட்டை அடைக்க வீட்டில் யாரும் டேங்கில் வெல்டிங் வைக்கக் கூடாது. பெட்ரோல் வடித்த டேங்கில் தங்கும் ஆவிதான் வெடிப்பது.

12. கழற்றிய பாகங்களை ஒரே சாக்கில் போடுவதுதான் திட்டம் நின்றுபோவதற்கான ராஜபாட்டை. ஆறு மாதம் கழித்து அந்தச் சாக்கைத் திறக்கும்போது எது எங்கே போகும் என்று தெரியாமல் மனம் உட்கார்ந்துவிடும். ஐஸ்கிரீம் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், மளிகைக் கடை ஜிப் கவர் எல்லாம் இதற்கு உதவும். ஒரு பகுதிக்கு ஒரு டப்பா. மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும், டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். வாசர், சர்க்ளிப், ஷிம் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து முடிச்சுப் போடுங்கள். கழற்றுமுன் ஒன்று, கழற்றிய பின் ஒன்று எனப் போனில் படம் எடுங்கள்; வயரின் நிறம் தெரிய வேண்டும்.

ஏற்கெனவே சாக்கில் போட்டாகிவிட்டதென்றால், வண்டியில் வேலை செய்யாமல் அதைப் பிரிப்பதற்கென்றே ஒரு மத்தியானத்தை ஒதுக்குங்கள். பழைய வேட்டியை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, தெரிந்ததை டப்பாவிலும் தெரியாததைத் தனியாகவும் வையுங்கள். தெரியாததைப் படம் எடுத்து உங்கள் மெக்கானிக்கிடம் காட்டினால், “இது கியர் பாக்ஸ் ஸ்பிரிங்ணே” என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

13. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். அடியில் ஈரம் தங்கி, மழையில் நனைந்ததைவிட அதிகம் துருப்பிடிக்கும். பழைய பருத்திப் போர்வை மேலானது. பிளக் துளை, கார்பரேட்டர் வாய், சைலன்சர் முனை ஆகியவற்றில் துணி அடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். சீட்டுக்கு அடியில் எலி குடிவந்தால் வயரிங் மிஞ்சாது.

14. பாகம் கிடைக்கவில்லை என்று நின்றிருந்தால், உங்கள் வண்டியின் பிறப்பைப் பாருங்கள். புல்லட் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் அந்த இரும்பு என்ஜினைப் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் செய்துவந்தது. இங்கிலாந்தின் ரெடிட்ச் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் நம் ஊரில் அது நிற்கவில்லை. அதனால் பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட் எல்லாம் இன்றும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டு வாங்கலாம், பழையது வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. யெஸ்டிக்கு இந்த வசதி இல்லை. மைசூர் ஐடியல் ஜாவா 1996-இல் மூடிவிட்டது. ஆர்எக்ஸ் 100 உற்பத்தியும் அதே ஆண்டு நின்றது. அதற்குப் பாகம் கிடைக்கும், ஆனால் போலி அதிகம். எந்தப் பாகமானாலும் பழையதைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே வெர்னியரால் இரண்டையும் அளந்து வாங்குங்கள்.

15. பணத்தில் நின்றிருந்தால், மாதத்துக்கு இவ்வளவு என்று வீட்டில் சொல்லி ஒரு தொகையை நிர்ணயித்துவிடுங்கள். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒளித்துச் செலவு செய்யும்போது ஒவ்வொரு பில்லும் ஒரு குற்ற உணர்ச்சி, அதுவே வண்டியிடமிருந்து ஆளை விலக்கும். இந்த வண்டி முடியும்வரை ‘சல்லிசாகக் கிடைக்கிறது’ என்று இன்னொரு வண்டி வாங்கக் கூடாது.

16. காகிதத்தைக் கடைசிவரை தள்ளாதீர்கள். எல்லாம் முடிந்து ரோட்டில் இறக்க முடியாது என்று தெரியும்போது மனம் உடைந்துபோகும். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். காலமான அப்பாவின் பெயரில் இருந்தால் வாரிசுப் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. வண்டி ஐம்பது ஆண்டைத் தாண்டியதென்றால் 2021-இல் வந்த பழமையான வாகன விதியில் தனிப் பதிவு உண்டு. ஆனால் சேசிஸ், என்ஜினை மாற்றியிருக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்துக்கும் பயன்படுத்த முடியாது. சேசிஸை வெட்டி உருமாற்றும் யோசனை இருந்தால் முதலில் இந்த விதியைப் பாருங்கள்.

17. உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். நியூசிலாந்தின் இன்வர்கார்கிலைச் சேர்ந்த பர்ட் மன்ரோ 1920-ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் ஒன்றை வாங்கி, வாழ்நாள் முழுக்க அதையே மாற்றிக்கொண்டிருந்தார். பிஸ்டனைக்கூடத் தானே உருக்கி வார்த்தார். உடைந்துபோனவற்றை ஓர் அலமாரியில் வரிசையாக வைத்து, வேகத்தின் கடவுளுக்கான காணிக்கைகள் என்று எழுதிவைத்திருந்தார். 1967-இல், அறுபத்தெட்டு வயதில், அமெரிக்காவின் பானவில் உப்புத் தரையில் அதே வண்டியில் மணிக்கு 295 கிலோமீட்டரைத் தாண்டிச் சாதனை படைத்தார். உங்கள் தேய்ந்த பிஸ்டனிலும் ஒரு சீட்டுக் கட்டி, என்ன ஆயிற்று, ஏன் என்று எழுதி ஒரு தட்டில் வையுங்கள். வண்டியைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது அந்தத் தட்டைப் பார்த்தால் புரியும்.

18. சித்திரை வெயிலிலோ, பிள்ளையின் பரீட்சை நேரத்திலோ வேலையை நிறுத்துவது தப்பில்லை. நிறுத்துகிற அன்று அடுத்த வேலை என்ன என்பதைச் சீட்டில் எழுதி, அதற்கு வேண்டிய ஸ்பேனரோடு வண்டி இருக்கையின்மேல் ஒட்டிவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

19. இவ்வளவுக்குப் பிறகும் மனம் திரும்பவில்லையா? விற்றுவிடலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் காயலான் கடைக்கு எடை போடாதீர்கள். டப்பாக்கள், நோட்டு, ஆர்சி புத்தகம், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, தொட்டுப் பார்த்துக் கண் மலர்கிற ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். விலையை அதற்காகக் கொஞ்சம் குறைத்தாலும் தகும்.

20. முடித்துவிட்டீர்கள் என்றால், முதல் ஓட்டத்துக்குமுன் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, ஓடும் என்ஜினில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் இறுக்கிவிட்டுக் கிளம்பலாம். கசியாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். முதல் சுற்று உங்கள் தெருவோடு போதும். புதிதாகப் போர் செய்த என்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டர் விரட்டக் கூடாது. புல்லட்டின் அதிர்வில் நட்டுகள் தளரும். திரும்பி வந்து, என்ஜின் ஆறியதும், எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள்.